18,000 மெயிலுக்கு 6 ஃபோல்டர்: தண்டர்பேர்டில் இன்பாக்ஸைப் பிரித்த அனுபவம்

இன்பாக்ஸில் 18,000 மெயில் கிடந்தால் என்ன குடிமுழுகிவிடும்? உண்மையில் ஒன்றும் ஆகாது. தேடல் பெட்டியில் பெயரைத் தட்டினால் எந்தக் கடிதமும் வந்து நிற்கும். என் தொல்லை வேறு. நான் பதில் எழுதியே ஆக வேண்டிய இரண்டு மூன்று கடிதங்கள், கடவுச்சொல் மாற்ற அறிவிப்பு, தள்ளுபடி விளம்பரம், காலண்டர் நினைவூட்டல், 'உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்' வகையறாக்களுக்கு நடுவே புதைந்துபோய்க்கொண்டிருந்தன. 'அப்புறம் பார்க்கலாம்' என்று காலையில் விட்ட கடிதம் மாலைக்குள் இரண்டு திரை கீழே போயிருக்கும்.

அதனால் கணினியில் நான் மெயில் பார்க்கும் தண்டர்பேர்ட் நிரலில் இன்பாக்ஸைப் பிரிக்க உட்கார்ந்தேன். வேலையைத் தொடங்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொண்டேன். பழையதைக் கண்டுபிடிக்கத் தேடல் பெட்டி போதும். இன்று பார்க்கத் தேவையில்லாததைக் கண்ணிலிருந்து நகர்த்த மட்டும்தான் ஃபோல்டர். இது என் சோம்பேறித்தனத்துக்கு நானே கட்டிய நியாயம் என்று நினைக்க வேண்டாம். 2011-ல் ஐபிஎம் ஆய்வாளர்கள் 345 பேர் மெயிலை எப்படித் திரும்பத் தேடி எடுக்கிறார்கள் என்று பதிவு செய்து பார்த்தார்கள். ஃபோல்டர் வழியாகப் போனால் சராசரியாக 58 விநாடி ஆனது; தேடல் பெட்டி வழியாக 17 விநாடி. இதைப் படித்த பிறகு, ஆண்டுவாரியாக, ஆள்வாரியாக, ஊர்வாரியாக ஃபோல்டர் மரம் வளர்க்கும் ஆசை எனக்குப் போய்விட்டது.

முதலில் காப்பு

தண்டர்பேர்டில் ஹெல்ப் மெனுவில் 'டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' என்று ஒன்று இருக்கும். அங்கே 'புரொஃபைல் ஃபோல்டர்' வரிக்குப் பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தினால் எல்லாம் இருக்கும் இடம் திறக்கும். நிரலை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்க்கில் நகலெடுத்தேன். ஐமேப் கணக்கு (கடிதங்களை சர்வரிலேயே வைத்து எல்லாச் சாதனத்திலும் காட்டும் முறை) என்றால் ஒரு விஷயம் பார்க்க வேண்டும்: கணக்கு அமைப்புகளில் 'இந்தக் கணினியிலும் செய்திகளை வைத்திரு' என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா? இல்லையென்றால் நகலில் தலைப்புகள் மட்டும்தான் இருக்கும், கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும். நான் டிக் இருப்பதை உறுதிசெய்து, முழுவதும் இறங்கும் வரை ஓட விட்டுவிட்டுத்தான் நகலெடுத்தேன்.

உள்ளே எட்டிப் பார்த்தால் பின்னால் வரப்போகும் பல விஷயங்கள் புரியும். வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு மெயில் ஃபோல்டரும் எம்பாக்ஸ் என்ற வடிவத்தில் ஒரே ஒரு கோப்பு. ஆயிரம் கடிதமும் ஒன்றன்பின் ஒன்றாக அதே கோப்பில் ஒட்டப்பட்டிருக்கும். கோப்பின் பெயருக்குப் பின்னால் எந்த நீட்டிப்பும் இருக்காது. பக்கத்தில் அதே பெயரில் எம்எஸ்எஃப் என்று முடியும் சிறிய கோப்பு ஒன்று இருக்கும், அது அட்டவணை. துணை ஃபோல்டர்கள் எஸ்பிடி என்று முடியும் அடைவுக்குள் இருக்கும். இன்பாக்ஸ் பெரிதாகப் பெரிதாக அந்த ஒற்றைக் கோப்பும் பெரிதாகும். வைரஸ் தடுப்பு நிரல் அதில் ஒரு கெட்ட இணைப்புக் கோப்பைக் கண்டுபிடித்து முழுக் கோப்பையும் பறிமுதல் செய்துவிட்டால், மொத்த இன்பாக்ஸும் திரையிலிருந்து காணாமல் போகும். இன்பாக்ஸைச் சின்னதாக வைத்துக்கொள்ள எனக்கு இந்த ஒரு காரணமே போதுமாக இருந்தது.

யார் அனுப்புகிறார்கள் என்று பார்த்தது

பிரிப்பதற்கு முன் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். பட்டியலை அனுப்புநர் வாரியாக அடுக்கி, வியூ மெனுவில் 'குரூப்ட் பை சார்ட்' கொடுத்தேன். ஒவ்வொரு அனுப்புநர் பெயரின் கீழும் எத்தனை கடிதம் என்று தொகுப்பாக வரும். அட்டைக் காட்சியில் இருந்தால் முதலில் அட்டவணைக் காட்சிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், எண்ணிக்கை பார்க்க அதுதான் வசதி.

பெரிய தொகுப்புகள் எல்லாமே இயந்திரங்கள். மனிதர்கள் அனுப்பியவை ஆளுக்கு நாலும் பத்துமாகச் சிதறிக் கிடந்தன. இந்தக் காட்சியிலேயே, எப்போதும் படிக்காத செய்திமடல்களின் பட்டியல் கையில் கிடைத்துவிட்டது. அவற்றுக்கு ஃபோல்டர் போடுவதைவிடச் சந்தாவை நிறுத்துவது நல்லது. நிறுத்திவிட்டு, தொகுப்போடு தேர்வு செய்து டெலிட். மொத்த வேலையிலும் அதிகம் குறைத்தது இந்தப் படிதான். ஃபில்டர் (வரும் கடிதத்தைத் தானாகப் பிரிக்கும் விதி) எழுதுவதில் இருக்கும் சுவாரசியம் இதில் இல்லை என்பதால் பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆறு ஃபோல்டர்

இன்பாக்ஸில் நான் ஏதாவது செய்ய வேண்டியவை மட்டும் இருக்க வேண்டும். மீதிக்கு இவை: நான் எழுதிவிட்டு எதிர்ப்பக்கப் பதிலுக்காகக் காத்திருப்பவை 'எதிர்பார்ப்பு'. இயந்திரம் தரும் தகவல்கள் 'அறிவிப்பு'. செய்திமடலும் விளம்பரமும் 'மடல்'. பில், டிக்கெட், காப்பீடு, வரி சம்பந்தப்பட்டவை 'ரசீது'. நடப்பில் இருக்கும் வேலைகளுக்குத் 'திட்டம்', அதன் கீழ் வேலைக்கு ஒரு துணை ஃபோல்டர். ஆறாவது, தண்டர்பேர்டே தரும் 'ஆர்க்கைவ்ஸ்'.

'நண்பர்கள்', 'குடும்பம்' என்று போடவில்லை. ஆள் யார் என்பது தேடலுக்குத் தெரியும். தவிர, ஒரே ஆளிடமிருந்து அவசரமும் வரும், ஜோக்கும் வரும்.

பெயர்களைத் தமிழிலேயே வைத்தேன். வேலை செய்கிறது. ஆனால் பின்னணியில் நடப்பதைத் தெரிந்துகொண்டால் நல்லது. 2003-ன் ஐமேப் வரையறைப்படி ஃபோல்டர் பெயர் ஆங்கில எழுத்துக்குள் அடங்க வேண்டும். தமிழ் எழுத்தெல்லாம் 'மாற்றியமைத்த யுடிஎஃப்-7' என்ற முறையில் உருமாறி சர்வரில் உட்காரும். அதைப் பிரித்துக் காட்டத் தெரியாத ஏதாவது ஒரு செயலியில் பார்த்தால் 'அண்டு' குறியில் (&) தொடங்கும் ஒரு புரியாத எழுத்துச் சரம்தான் தெரியும். 2021-ல் வந்த புதிய வரையறை எல்லா மொழி எழுத்தையும் நேரடியாக ஏற்கும் யுடிஎஃப்-8க்கு மாறிவிட்டது. எல்லா சர்வரும் இன்னும் அங்கே வந்து சேரவில்லை. இன்னொன்று, பெயருக்குள் புள்ளியோ சாய்கோடோ வேண்டாம். சில சர்வர்கள் புள்ளியையும் சில சர்வர்கள் சாய்கோட்டையும் துணை ஃபோல்டரைப் பிரிக்கும் குறியாக எடுத்துக்கொள்ளும். பதிப்பு எண்ணைப் பெயரில் போட்டால் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் முளைக்கும்.

எங்கே உருவாக்குவது என்பது அடுத்த கேள்வி. கணக்கின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து உருவாக்கினால் ஐமேப் சர்வரில் உருவாகும், போனிலும் தெரியும். 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' கீழ் உருவாக்கினால் இந்தக் கணினியோடு சரி. டிஸ்க் போனால் அதுவும் போகும். பாப்3 கணக்கு (கடிதத்தைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) என்றால் பெரும்பாலும் வேறு வழியில்லை, அந்த நெறிமுறைக்கு சர்வரில் ஃபோல்டர் என்ற கருத்தே கிடையாது. நான் ஆறையும் சர்வரிலேயே வைத்தேன். வேறு சாதனத்தில் உருவாக்கிய ஃபோல்டர் தண்டர்பேர்டில் வரவில்லை என்றால் கணக்கின் மேல் ரைட் கிளிக் செய்து 'சப்ஸ்கிரைப்' பட்டியலில் டிக் போட வேண்டும்.

பழையதைப் பிரிக்காமல் விட்டது

18,000 கடிதத்தையும் ஆறாகப் பிரிக்க உட்கார்ந்தால் விடிந்துவிடும். ரசீதுகளை மட்டும் தேடி எடுத்தேன். விரைவு வடிகட்டியில் (கண்ட்ரோல்+ஷிஃப்ட்+கே) 'இன்வாய்ஸ்', 'ரிசீப்ட்' போன்ற சொற்களைப் போட்டு, வந்ததை எல்லாம் தேர்வு செய்து 'ரசீது'க்கு நகர்த்தினேன். மூன்று மாதத்துக்கு முந்தைய மீதி அத்தனைக்கும் ஒரே விசை: ஏ.

ஏ அழுத்தினால் கடிதம் ஆர்க்கைவ்ஸுக்குப் போகும். கணக்கு அமைப்புகளில் 'காப்பீஸ் அண்டு ஃபோல்டர்ஸ்' பக்கத்தில் ஒரே ஃபோல்டரா, ஆண்டுக்கு ஒன்றா, மாதத்துக்கு ஒன்றா என்று முன்பே சொல்லிவிட வேண்டும். ஆண்டு என்று வைத்தேன். கடிதத்தின் தேதியைப் பார்த்து அதுவே 2014, 2015 என்று பிரித்துப் போட்டுவிடும். மாதக் கணக்கு எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. பாதி நகர்த்தலில் இணைய இணைப்பு அறுந்தது. திரும்பி வந்து பார்த்தால் சில நூறு கடிதங்கள் இன்பாக்ஸிலும் இருந்தன, ஆர்க்கைவிலும் இருந்தன. காரணம் நெறிமுறையில் இருக்கிறது. ஐமேப்பில் நெடுங்காலம் 'நகர்த்து' என்ற கட்டளையே இல்லை. 'நகலெடு', பிறகு மூலத்தில் 'நீக்கப்பட்டது' என்று கொடி போடு, பிறகு துடைத்தெடு என்று மூன்று படி. 2013-ல்தான் ஆர்எஃப்சி 6851 என்ற வரையறை ஆவணம் வழியாக 'மூவ்' என்ற நீட்சி வந்தது. சர்வர் அதை ஆதரித்தால்தான் பயன்படும். பழைய வழியில் முதல் படிக்கும் இரண்டாவது படிக்கும் நடுவே இணைப்பு போனால் இரண்டு பக்கமும் கடிதம் இருக்கும். அதாவது, கெடுதல் ஏற்பட்டாலும் இழப்பாக ஏற்படாது, இரட்டிப்பாகத்தான் ஏற்படும். இரட்டைகளைக் களைய, ஒவ்வொரு கடிதத்தின் தலைப்புப் பகுதியிலும் இருக்கும் 'மெசேஜ்-ஐடி' என்ற அடையாள எண்ணை ஒப்பிட்டுக் காட்டும் தண்டர்பேர்ட் நீட்சிகள் உண்டு. அதில் ஒன்றைப் போட்டு சரிசெய்தேன். அதற்கப்புறம் ஐந்நூறு ஐந்நூறாக நகர்த்தினேன்.

ஒரே கணக்குக்குள் நகர்த்தினால் வேலை சர்வரிலேயே முடியும், கடிதம் உங்கள் இணைய இணைப்பு வழியாக வந்துபோகாது. ஒரு கணக்கிலிருந்து வேறு கணக்குக்கு நகர்த்தினால் ஒவ்வொன்றும் கீழே இறங்கி மறுபடி மேலே ஏற வேண்டும். பெரிய இணைப்புக் கோப்புகள் இருந்தால் இரவில் ஓட விடுங்கள்.

ஃபில்டர் வரிசை

டூல்ஸ் மெனுவில் 'மெசேஜ் ஃபில்டர்ஸ்'. விதிகள் மேலிருந்து கீழாக ஓடும், ஆகவே எதை எழுதுகிறோம் என்பதைவிட எந்த வரிசையில் வைக்கிறோம் என்பது முக்கியம்.

மேலே வைத்தது மனிதர்களுக்கான விதி. அனுப்புநர் 'பர்சனல் அட்ரஸ் புக்'கில் இருந்தாலோ 'கலெக்டட் அட்ரஸஸ்'இல் இருந்தாலோ, செயல்: 'ஸ்டாப் ஃபில்டர் எக்ஸிக்யூஷன்'. நாம் யாருக்காவது மெயில் அனுப்பினால் அந்த முகவரியை தண்டர்பேர்ட் தானாகவே இரண்டாவது பட்டியலில் சேர்த்துவைக்கும். ஆகவே நான் ஒருமுறையாவது எழுதியிருக்கும் யாருடைய கடிதமும் இன்பாக்ஸை விட்டு நகராது. இதையே 'முகவரிப் பட்டியலில் இல்லை என்றால் நகர்த்து' என்று எதிர்மறையாகவும் எழுதலாம். ஆனால் 'ஏதேனும் ஒன்று பொருந்தினால்' என்பதோடு இரண்டு 'இல்லை' சேர்ந்தால் கிட்டத்தட்ட எல்லாக் கடிதமும் பொருந்திவிடும், ஏனென்றால் ஒரு பட்டியலில் இருப்பவர் பெரும்பாலும் மற்றதில் இருக்கமாட்டார். நேர்மறையாக எழுதி நிறுத்துவதே நிம்மதி.

அடுத்து ஓடிபி, சரிபார்ப்புக் கடிதங்கள். அவை இன்பாக்ஸில் இருந்தால்தான் உபயோகம், ஐந்து நிமிடத்தில் காலாவதியாகும் எண்ணை ஃபோல்டருக்குள் போய்த் தேடக் கூடாது. பொருள் வரியில் (சப்ஜெக்ட்) ஓடிபி என்ற ஆங்கில மூன்றெழுத்து இருந்தால் நிறுத்து என்று போட்டேன். 'கன்டெய்ன்ஸ்' என்ற நிபந்தனை சொல்லாகப் பார்க்காது, எழுத்து வரிசையாகத்தான் பார்க்கும். ஃபுட்பிரிண்ட் என்று ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், அதற்குள் அந்த மூன்றெழுத்தும் வரிசை மாறாமல் இருக்கிறது. கார்பன் ஃபுட்பிரிண்ட் பற்றிய ஒரு செய்திமடல் ஜம்மென்று இன்பாக்ஸில் உட்கார்ந்துகொண்டது. விதிப் பெயர்களோடு எது எதைப் பிடித்தது என்று ஃபில்டர் லாக் காட்டும். முதல் சில நாட்கள் அதைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

பிறகு 'ரசீது'. அதற்குப் பின்தான் 'மடல்'. இந்த வரிசை மாறக் கூடாது, ஏனென்றால் மடலுக்கு நான் எழுதிய விதி கொஞ்சம் முரட்டுத்தனமானது: 'லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்' என்ற தலைப்புப் புலம் (சந்தாவை எங்கே நிறுத்துவது என்று சொல்லும், கடிதத்தில் வெளியே தெரியாத வரி) இருந்தாலே நகர்த்து. சில கடைகளின் பில் மெயிலிலும் அந்தப் புலம் இருக்கும், ஆகவே ரசீது முந்திக்கொள்ள வேண்டும். நிபந்தனைப் பட்டியலின் கடைசியில் உள்ள 'கஸ்டமைஸ்' வழியாக அந்தப் புலத்தின் பெயரை ஆங்கிலத்தில், நடுவே சிறுகோட்டோடு சேர்த்துக்கொண்டு, அதில் இணைய முகவரியின் தொடக்கமான 'எச்டிடிபி' இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இந்தப் புலம் 1998 முதலே வரையறையில் இருக்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும், மொத்தமாக விளம்பர மெயில் அனுப்புவோர் ஒரே கிளிக்கில் சந்தா நிறுத்தும் வசதியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கிய பிறகு இது இன்னும் நம்பகமாகிவிட்டது. அனுப்புநர் முகவரிகளாகச் சேர்த்து நீண்ட விதி எழுதுவதைவிட இந்த ஒரு வரி பல மடங்கு வேலை செய்கிறது.

கடைசியில் 'அறிவிப்பு': அனுப்புநர் முகவரியில் 'நோரிப்ளை', 'நோட்டிஃபிகேஷன்' போன்றவை இருந்தால்.

'எதிர்பார்ப்பு'க்கு ஒரு தந்திரம். பதில் எதிர்பார்த்து எழுதும் கடிதத்தில் என் முகவரியையே பிசிசியில் (மறைநகல் பெறுபவர் வரி) போடுகிறேன். அனுப்புநர் நானே என்றால் 'எதிர்பார்ப்பு'க்கு நகர்த்து என்று ஒரு விதி. என் முகவரியும் முகவரிப் பட்டியலில் இருப்பதால் இந்த விதி மனிதர்கள் விதிக்கும் மேலே நிற்க வேண்டும். பதில் வந்ததும் அந்த நகலை அழித்துவிடுவேன்.

கணினி மூடியிருந்தால்?

தண்டர்பேர்ட் ஃபில்டர் தண்டர்பேர்ட் திறந்திருந்தால் மட்டுமே ஓடும். கணினியை மூடிவிட்டுப் போனைப் பார்த்தால் இன்பாக்ஸ் பழையபடி சந்தைக்கடைதான். மாற்று வழி, சர்வரிலேயே விதி எழுதுவது. பல மெயில் சேவைகளின் இணைய அமைப்புப் பக்கத்தில் ஃபில்டர் வசதி இருக்கும். சிலவற்றில் அதற்குப் பின்னால் இருப்பது 'சீவ்' என்ற சிறு மொழி. 'மடல்', 'அறிவிப்பு' இரண்டுக்கும் உரிய விதிகளை அங்கே மாற்றினேன். முகவரிப் பட்டியலை நம்பியிருக்கும் விதியை அப்படியே மாற்ற முடியாது, என் பட்டியல் கணினியில் இருக்கிறது. அதனால் சர்வரில் கொஞ்சம் மிதமாக, எனக்கு உறுதியாகத் தெரிந்த அனுப்புநர்களை மட்டும் வைத்தேன்.

மாற்றியவுடன் ஒரு விசித்திரம்: சர்வர் நேராக 'அறிவிப்பு'க்குள் போட்ட புதுக் கடிதங்கள் தண்டர்பேர்டில் படிக்காதவையாகத் தெரியவில்லை, ஃபோல்டரைக் கிளிக் செய்தால்தான் வந்தன. ஐமேப்பில் புதுக் கடிதம் இருக்கிறதா என்று இயல்பாக இன்பாக்ஸை மட்டும்தான் அது பார்க்கும். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், 'புராப்பர்டீஸ்', அதில் 'புதுச் செய்தி எடுக்கும்போது இந்த ஃபோல்டரையும் எப்போதும் பார்' என்ற டிக். 'அறிவிப்பு'க்குப் போட்டேன். 'மடல்'க்கு வேண்டுமென்றே போடவில்லை.

காம்பாக்ட்

இவ்வளவு நகர்த்தியும் டிஸ்க்கில் இடம் குறையவில்லை, கூடியிருந்தது. எம்பாக்ஸில் நகர்த்துவது என்றால் புதுக் கோப்பின் வாலில் ஒரு நகல் ஒட்டுவது, பழைய கோப்பில் 'இது போய்விட்டது' என்று குறிப்பது. பழைய எழுத்து அங்கேயே கிடக்கும். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து 'காம்பாக்ட்' கொடுத்தால்தான் கோப்பு சுருங்கும். நான் வேண்டுமென்றே இதைக் கடைசிக்குத் தள்ளிவைத்தேன், எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்த பிறகு சுருக்கினால் போதும்.

நடுவே ஒரு ஃபோல்டரில் எண்ணிக்கை ஒன்றும் பட்டியல் வேறொன்றுமாகக் காட்டியது. அட்டவணைக் கோப்பு பின்தங்கிவிட்டால் இப்படி ஆகும். அதே 'புராப்பர்டீஸ்' பெட்டியில் 'ரிப்பேர் ஃபோல்டர்' அழுத்தினால் எம்எஸ்எஃப் கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதும். கடிதங்களுக்கு ஒன்றும் ஆகாது.

இப்போதைய ஓட்டம்

காலையில் இன்பாக்ஸ். பதில் போட்டால் ஏ, இல்லை டெலிட். திட்டக் கடிதம் என்றால் அதன் ஃபோல்டருக்கு. ஒரே இடத்துக்கு அடுத்தடுத்து அனுப்ப கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எம் போதும், கடைசியாக நகர்த்திய இடத்துக்கே போகும். 'காப்பீஸ் அண்டு ஃபோல்டர்ஸ்' பக்கத்தில் 'பதிலை, மூலக் கடிதம் இருக்கும் ஃபோல்டரிலேயே வை' என்று ஒரு டிக் உண்டு. அதைப் போட்டபின் ஒரு திட்டத்தில் வந்ததும் போனதும் ஒரே இழையாகத் தெரிகின்றன, 'சென்ட்' ஃபோல்டருக்கு நான் போவதே இல்லை. நட்சத்திரமிட்ட கடிதங்களை எல்லா ஃபோல்டரிலிருந்தும் திரட்டிக் காட்ட ஒரு 'சேவ்ட் சர்ச்' வைத்திருக்கிறேன். பார்க்க ஃபோல்டர் மாதிரி இருந்தாலும் அதற்குள் எதுவும் கிடையாது. ஆனால் அதற்குள் காட்டும் கடிதத்தை அழித்தால் மூலமே அழியும், அங்கே கவனம்.

'மடல்' தானாகக் கரைகிறது. 'புராப்பர்டீஸ்' பெட்டியில் 'ரிடென்ஷன் பாலிசி' என்ற தாவலில் 30 நாளுக்கு மேற்பட்டவை அழியட்டும், நட்சத்திரமிட்டவை இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஐமேப் கணக்கில் இந்த அழிப்பு சர்வரிலும் நடக்கும், திரும்பி வராது. 'ரசீது' பக்கம் இந்தத் தாவலைத் தொடவே இல்லை.